தலைப்பு சரி, கேள்வி எங்கே?

கேள்வி: எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச மேலாண்மைப் பிரச்சினை ஒன்றைப் பற்றி ஆய்வறிக்கை தர வேண்டும். வால்மார்ட் ஜெர்மனியில் தோற்றதை எடுத்துக்கொண்டு, பண்பாட்டு வேறுபாடுதான் காரணம் என்று நாற்பது பக்கம் எழுதினேன். "இது கட்டுரை, ஆய்வு இல்லை" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம்தான் இருக்கிறது. வேறு தலைப்புக்கு மாறிவிடட்டுமா?

பதில்: மாற வேண்டாம். எடுத்திருக்கும் விஷயம் நல்ல விஷயம். ஆனால் உங்கள் கைடு சொன்னதும் சரிதான்.

உங்கள் முதல் பக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: 1997-இல் வெர்ட்காவுஃப் நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கி வால்மார்ட் ஜெர்மனிக்குள் நுழைந்தது. மறு வருடம் இன்டர்ஸ்பாரின் 74 கடைகளை வாங்கியது. 2006-இல் மிச்சமிருந்த 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஏறக்குறைய 100 கோடி டாலர் நட்டம். ஜெர்மானியப் பண்பாட்டைப் புரிந்துகொள்ளாததே காரணம்.

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் தகவல். கடைசி வரி முடிவு. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் மீதி முப்பத்தொன்பது பக்கமும் அதற்கு முட்டுக் கொடுப்பதிலேயே போய்விடும். முதுநிலை அறிக்கைகளைப் பல வருஷமாகத் திருத்துகிறேன். பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

உங்கள் முடிவோடு போட்டி போடக்கூடிய மற்ற விளக்கங்களையும் மேசையில் வையுங்கள். முதலில் விலை. வால்மார்ட்டின் பலமே மலிவு. ஜெர்மனியிலோ ஆல்டி, லிடில் என்ற உள்நாட்டு மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. வால்மார்ட் இன்னும் இறக்கிப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சிப் போட்டி ஆணையம் தலையிட்டு, பால், வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்றவற்றைக் கொள்முதல் விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. இதில் பண்பாடு எங்கே வருகிறது? போட்டியும் சட்டமும்தான் தெரிகின்றன.

அடுத்து, எல்லாரும் பண்பாட்டுக் கணக்கில் எழுதும் ஒரு சம்பவம். ஊழியர்களுக்கிடையே காதல் உறவைக் கட்டுப்படுத்தும் நடத்தை விதிகளை வால்மார்ட் ஜெர்மனியிலும் கொண்டுவந்தது. ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் அமைப்பான ஊழியர் குழு நீதிமன்றம் போனது. 2005 நவம்பரில் டியூசல்டார்ஃப் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சக ஊழியர் மீது புகார் சொல்வதற்கான தொலைபேசி வசதியை ஊழியர் குழுவைக் கேட்காமல் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. இதை "ஜெர்மானியர்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் ஒரு வரியோடு போயிற்று. நிர்வாக முடிவில் ஊழியர் குழுவுக்குச் சட்டப்படி பங்கு உள்ள நாட்டில், அமெரிக்கத் தலைமையகம் போட்ட விதி எப்படிச் சிக்கியது என்று பார்த்தால் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

புன்னகைக் கதையும் உங்கள் அறிக்கையில் கட்டாயம் இருக்கும். காசாளர்கள் சிரித்ததை வாடிக்கையாளர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்பார்களே, அதுதான். அதை முதலில் எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். வழி ஒரு நாளிதழ்ச் செய்தியோடு நின்றுவிட்டால், "அப்படிச் சொல்லப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

நாடுகளின் பண்பாட்டு வேறுபாட்டை எண்களில் காட்டும் ஹோஃப்ஸ்டெட் அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள். அதன் அடிப்படை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. அதில் அதிகார இடைவெளி, அதாவது அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்ற அளவு, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருக்க, இந்த எண் உங்கள் வாதத்துக்கு என்ன செய்கிறது? பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

சரி, கேள்வியை எப்படி அமைப்பது? "வால்மார்ட் ஏன் தோற்றது" என்பது மூன்று மாதத்தில் அடங்காது. "1997 முதல் 2006 வரை வால்மார்ட்டின் மலிவு விலை உத்தி ஜெர்மனியில் பலிக்காமல் போனதில் போட்டியின் பங்கு என்ன, சட்டத்தின் பங்கு என்ன, தலைமையகத்தின் பிடிவாதத்தின் பங்கு என்ன?" இது அடங்கும். நேரம் இருந்தால் மெக்சிகோவை ஒப்பீட்டுக்கு எடுங்கள். அங்கே 1991-இல் சிஃப்ரா என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நுழைந்தார்கள், நிலைத்தார்கள். அதே நிறுவனம், வேறு நுழைவு வழி, வேறு முடிவு. தென்கொரியாவையும் சேர்க்க ஆசை வரும். 2006-லேயே அங்கிருந்தும் வெளியேறினார்கள். ஆனால் மூன்று நாடு உங்களுக்குத் தாங்காது.

தரவு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வால்மார்ட்டின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் ஜெர்மனியின் இலாப நட்டம் தனியாக இல்லை, சர்வதேசப் பிரிவு என்று மொத்தமாகத்தான் வரும். வரம்புகள் பகுதியில் இதை வெளிப்படையாக எழுதுங்கள். மதிப்பெண் குறையாது. தீர்ப்புகள் ஜெர்மன் மொழியில் இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தாலும், நீங்கள் மேற்கோள் காட்டும் பத்தியை மட்டுமாவது மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

அடுத்த முறை கைடைப் பார்க்கும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். மேலே கேள்வி, கீழே மூன்று விளக்கங்கள். என்ன ஆதாரம் கிடைத்தால் அந்த விளக்கத்தைக் கைவிடுவீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி. அவர் சரி என்ற பிறகு பழைய நாற்பது பக்கத்தைத் திறங்கள். நிறுவன வரலாறும் கடைகள் வாங்கிய விவரமும் அப்படியே பயன்படும், அப்புறம் மூன்று மாதம் போதும்.