வாழை நார் ரெசினில் பிடிக்காமல் உருவி வருகிறது, என்ன செய்யலாம்?

வாழை நாரும் எபாக்சியும் (கெட்டியாக இறுகும் ஒரு வகை ரெசின்) வைத்துப் பலகை வார்த்தோம், வளைத்தால் உடைகிறது, ரெசினை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் தம்பி. உடைந்த இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நார் வழவழவென்று நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உருவிய ஓட்டைகள் தெரிந்தால் பிடிப்பு இல்லை. நார் குட்டையாக அறுந்து, மேலே ரெசின் துணுக்கு அப்பியிருந்தால் பிடிப்பு சரி, கோளாறு வேறெங்கோ.

நான் கடலூர் துறைமுகம் பக்கம் ஃபைபர் போட் கட்டும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கண்ணாடி இழைப் பாய்க்கு (மேட்) இந்தத் தொல்லை கிடையாது. ஆலையிலேயே சைலேன் என்ற இணைப்பு ரசாயனம் பூசித்தான் வரும். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். வாழை நார் அப்படி வருவதில்லை. மேலே மெழுகும் பெக்டின் என்ற பசைப்பொருளும் படிந்திருக்கும், உள்ளே இருக்கும் செல்லுலோஸ் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அதனால் முதலில் காஸ்டிக் சோடா. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், 2 முதல் 4 மணி நேரம் ஊறட்டும். மெழுகும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்து தண்ணீர் பழுப்பாகும், நார் சொரசொரப்பாகும். பருத்திக்கு ஜான் மெர்சர் 1844-இல் கண்டுபிடித்த முறையின் வழிவந்ததுதான் இது. சோடாவைக் கூட்டினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று நினைக்காதீர்கள், நாரே பலம் போய்விடும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது அப்புறம்தான். பலமுறை அலசி, கடைசியில் கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணீரில் முக்கி, பிஎச் தாள் 7 (காரமும் இல்லை, அமிலமும் இல்லை) காட்டும்வரை மறுபடி அலசுங்கள். பிறகு உலர்த்துவது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் காயப்போட்ட நார் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். உங்கள் கல்லூரி ஓவனில் 80 டிகிரியில் வைத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை விடுங்கள். எடுத்ததும் பாலித்தீன் பையில் கட்டி, அன்றைக்கே வார்த்துவிடுங்கள்.

இதற்கும் மேல் பிடிப்பு வேண்டுமென்றால் சைலேன்: எபாக்சிக்கு அமினோ வகை, பாலியெஸ்டருக்கு மெத்தாக்ரைல் வகை.

ஒன்று மட்டும் யோசியுங்கள். நார் உருவும்போதும் அடியின் சக்தி கொஞ்சம் செலவாகிறது. பிடிப்பு மிகவும் இறுகினால் வளைவு தாங்கும் பலகை திடீர் அடியில் தெறிக்கலாம். உங்கள் பலகை எதற்கு என்று எழுதுங்கள், சைலேன் தேவையா என்று சொல்கிறேன்.