பாளையங்கோட்டைக்கு மருமகளாக வருகிறேன், வீட்டிலேயே இருந்தால் பொழுது போகுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறீர்கள். கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டைக்கு வருகிறீர்கள், ஒரு வருஷமாவது வீட்டில் இருக்கலாம் என்று எண்ணம். இங்கே வீட்டில் இருக்கும் பெண்கள் நாள் முழுக்க என்ன செய்கிறோம், சலிக்காதா, உங்கள் பூனையையும் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூனைக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

நானும் வாக்கப்பட்டு வந்தவள்தான். சலிக்குமா என்றால், சலிக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடமும் வீட்டுக்காரர் ஆபீஸும் போன பிறகு, காலை பத்து மணிக்கு ஒரு வீடு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நான் பார்த்தவரைக்கும் சலிப்பு வேலையால் வருவதில்லை, அதைத் தனியாகச் செய்வதால் வருகிறது. தனியாக வெங்காயம் உரித்தால் கால்மணி நேரம் ஒரு யுகம். எதிர் வீட்டு மதினியும் உட்கார்ந்தால் அரைப் படி வெங்காயம் போன இடம் தெரியாது. ஆகவே வந்ததும் முதல் காரியமாகப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய டிவியெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் உங்களுக்கு முதலில் கிடைக்கப்போவது சொதி. புகுந்த வீடு சைவம் என்றால் மறுவீட்டு விருந்தில் அது இல்லாமல் இருக்காது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி எல்லாம் மூன்றாம் பாலில் வேகும். வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த பச்சை மிளகாய், இஞ்சி, வேகவைத்த பாசிப்பருப்பு, இதோடு இரண்டாம் பால். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் சட்டியின் ஓரத்தில் மெல்ல நுரை கட்டும். அந்த நேரம் பார்த்து அடுப்பை அணைக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். நான் கரண்டியும் கையுமாகப் பேச்சில் இருந்தால் மதினி அங்கிருந்தே "ஏட்டி, நுரை கட்டிட்டு பாரு, அணை அணை" என்பாள். எலுமிச்சம்பழம் பிழிவது சூடு கொஞ்சம் அடங்கின பிறகு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியலும் இஞ்சித் துவையலும். இஞ்சி சும்மா ருசிக்கு இல்லை, அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே.

சொதியில் மஞ்சள்தூள் போடலாமா கூடாதா என்று கேட்டுவிடாதீர்கள். பாதி வீட்டில் ஒரு பதில், மீதி வீட்டில் வேறு பதில். மாமியார் என்ன சொல்கிறாரோ அதுதான் சரி என்று முதல் வருஷம் ஓட்டிவிடுங்கள்.

தினமும் இப்படிச் சமைக்க யாராலும் முடியாது. சாதாரண நாளில் உளுந்தஞ்சோறுதான் எனக்குக் கைகொடுக்கும். தோல் உளுந்து, அரிசி, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவல் எல்லாம் ஒரே குக்கரில் போய்விடும். கூட எள்ளுத் துவையல் அரைத்தால் முடிந்தது. காய் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் கிடந்தால் கூட்டாஞ்சோறு.

சித்திரை, வைகாசி வந்தால் வேலை அடுக்களையிலிருந்து தட்டட்டிக்கு ஏறிவிடும். நீங்கள் மொட்டை மாடி என்பீர்கள். கூழ்வற்றல் போடுகிற மாதங்கள் அவை. ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் உப்பு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு விடியற்காலையிலேயே கூழ் காய்ச்சிவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியை விரித்து ஒரு கை இடைவெளியில் கரண்டி கரண்டியாக ஊற்றி முடிக்க வேண்டும். பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி உங்களிடம் யாராவது குறை சொன்னால், இந்த ஒரு வேலைக்கு அதைவிட நல்ல வெயில் இல்லை என்று சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது காய்ந்த பிறகு வேட்டியைத் திருப்பிப் போடுவதுதான். பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் வற்றல் ஒவ்வொன்றாகப் பட் பட் என்று கழன்று விழும். துணியின் நெசவு அதன் அடியில் அப்படியே பதிந்திருக்கும். எண்ணெயில் போட்டதும் அது மறைந்துவிடும்.

காக்கைக்கும் அணிலுக்கும் காவல் யார் என்றால் எங்கள் பூனை. பெயர் சுடலை. கறுப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் வைத்த பெயர். அந்தக் காவல்காரர் ஒருமுறை ஈர வற்றல் மேலேயே நடந்து போனார், ஒரு வரிசை முழுக்கக் கால் தடம். இன்னொரு தொல்லையும் உண்டு. மாமியார் மாடியில் நின்று "ஏலே சுடலை, இறங்குலே" என்று சத்தம் போட்டால் அடுத்த தெரு அண்ணாச்சி நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கும் அதே பெயர்.

மத்தியானம் ஒயர் கூடை. எங்கள் கூட்டத்தில் மதினி, ஓய்வு பெற்ற டீச்சரக்கா, மேலப்பாளையத்திலிருந்து வரும் ஆயிஷா, நான். டீச்சரக்காதான் எங்களுக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்தவர். வாத்தியார் குணம் போகாது, பிரித்துப் போடச் சொல்லிவிடுவார். சாதா முடிச்சில் இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நான்கு முனையும் நான்கு திசையில் நிற்கும். நான்கையும் ஒரே அளவு இழுத்தால்தான் முடிச்சு சதுரமாக உட்காரும், ஒன்று தளர்ந்தாலும் கூடையின் அடிப்பாகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு ஆடும். அது கைக்கு வந்த பிறகு சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு. நெல்லிக்காய் பார்க்க உருண்டு திரண்டு அழகாக இருக்கும், ஆனால் விரல் நுனி கன்றிவிடும். முதல் கூடைக்கு வெளிர் நிறத்தில் ஒயர் வாங்குங்கள், முடிச்சு கண்ணுக்குத் தெரியும். திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் விசாரித்தால் ஒயர் கட்டு கிடைக்கும்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு மார்க்கெட்டில் ஒயர் கூடையை மறுபடியும் நிறையப் பார்க்க முடிகிறது. நாங்களும் தெரிந்தவர்களுக்குப் போட்டுத் தருகிறோம். இதில் பெரிய வருமானம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒயர் விலை கேட்டால் எல்லோரும் கொடுப்பார்கள், கூலி என்றால் மட்டும் "வீட்டுல சும்மாதான இருக்க" என்று ஒரு சிரிப்பு வரும். டீச்சரக்கா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஒயர், கூலி என்று இரண்டு வரியாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுத்தால் பேரம் பேசக் கூச்சப்படுகிறார்கள்.

நிஜமான கைவேலை பார்க்க வேண்டுமென்றால் பத்தமடைக்குப் போக வேண்டும். அம்பாசமுத்திரம் சாலையில் இருக்கிறது. ஆயிஷாவின் பெரியம்மா அங்கே பாய் நெய்கிறார். ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, அதற்கு மேலும் நூல் நூலாகக் கிழிக்கிறார்கள். தறி தரையோடு தரையாக இருக்கும். ஒருவர் நீளக் குச்சியில் கோரை இழையைக் கோத்துப் பாவுக்குள், அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்களுக்குள் செலுத்த, இன்னொருவர் இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கிறார். மெல்லிய பாய் துணி மாதிரி மடியும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பெயர் போட்டுக் கல்யாணப் பாய் நெய்து தருவார்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள், மெல்லிய ரகம் நெய்ய நாளாகும். கடையில் கோரை மாதிரியே அச்சடித்த பிளாஸ்டிக் பாயை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

வெளியே போவது பற்றி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எங்கே போகிறேன், எவ்வளவு ஆகும் என்று வீட்டில் கணக்குச் சொல்லாமல் கிளம்ப முடிவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை. டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோவிலில் காந்திமதி அம்மனைப் பார்த்துவிட்டு, ரதவீதியில் ஒயரோ ஊக்கோ வாங்கிக்கொண்டு திரும்புவதே எங்களுக்கு ஒரு சுற்றுலா. ஆனி மாதம் தேரோட்டத்துக்கு நால்வரும் போவோம். அல்வா பற்றி எழுதவில்லை, அதற்கென்று தனியாக நூறு பதில்கள் இருக்கும்.

குறுக்குத்துறை படித்துறையும் பிடிக்கும். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் முருகன் கோவில், காலை வெயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வெள்ளம் வந்தால் கோவில் முங்கிவிடும், வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடியும் பூஜை நடக்கும். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் இறங்க வேண்டாம்.

குளிர் போகிற சமயத்தில் கூந்தன்குளம். நாங்குநேரி பக்கம் உள்ள சின்ன ஊர், 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, பூநாரை, செங்கால் நாரை என்று டீச்சரக்கா பெயர் சொல்லிக்கொண்டே வருவார். எனக்குப் பாதி மறந்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு. நாரைகள் குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் வாடையும் தாங்க முடியாது, ஆனால் ஊரார் விரட்டுவதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. பஸ் அடிக்கடி கிடையாது, ஆட்டோவோ வேனோ பேசிக்கொண்டு போவது நல்லது.

குற்றாலம் 2019-இலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜூன், ஜூலையில் மேற்கே மேகம் திரண்டு பாளையங்கோட்டை வரை காற்று அடித்தால், அது எந்த மாவட்டம் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். வார நாளில் வீட்டில் இருப்பவர்களுக்கு இருக்கும் ஒரே சலுகை அதுதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் டீச்சரக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, குடும்பத்தோடு எங்கள் வீட்டு மாடிக்கு வந்தார்கள். கரண்ட் இல்லை, மிக்ஸி இல்லை. மதினி வீட்டிலிருந்து அரிசி, எங்கள் வீட்டுப் பருப்பு, யாரோ கொடுத்த முருங்கைக்கீரை எல்லாம் பெரிய ஏனத்தில் கூட்டாஞ்சோறாக வெந்தது. வெயில்காலத்தில் போட்ட வற்றலைப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பூனைத் தடம் பதிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். வேலையை விடாமல் வீட்டிலிருந்தே பார்க்க முடியுமென்றால் விட வேண்டாம். கங்கைகொண்டானில் ஐ.டி. பூங்கா இருக்கிறது, அங்கேயும் விசாரித்து வையுங்கள். கூடை முடைவதும் வற்றல் போடுவதும் சனி, ஞாயிறிலும் நடக்கும். சொந்தமாகக் கையில் ஒரு சம்பளம் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை, அந்தத் துண்டுச்சீட்டு எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு அது இன்னும் நன்றாகப் புரிகிறது.

இனி உங்கள் பூனை. தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஆனால் புகுந்த வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீடு சைவம், சுடலை சைவம் இல்லை. மாமியார் ஆரம்பத்தில் தயிர்ச்சாதம் வைத்துப் பார்த்தார். பூனைக்கு மாமிசம் இல்லாமல் உடம்பு ஓடாது, டாரின் என்ற சத்து அதிலிருந்துதான் கிடைக்கிறது. வளர்ந்த பூனைக்குப் பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றால் போகும். இப்போது ஆயிஷா வரும்போது வேகவைத்த சாளை மீன் கொண்டு வருகிறாள், பின்வாசலில் தனித் தட்டில் வைக்கிறோம். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டை எடுத்துக் கழுவி வைக்கிறார், அந்த அளவுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. நூல், ஒயர் துண்டு எதையும் தரையில் விடாதீர்கள். பூனை விழுங்கினால் குடலில் சிக்கும், ஆபரேஷன் வரை போகும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே என்ற தனி அறை முழுவதும் உங்களுக்கே கிடைத்தால்தான் பூனையைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்கள், இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள கூண்டுதான். 600 கிலோமீட்டருக்கு மேல் அந்தக் கூண்டில் அது என்ன பாடுபடும்? காரில் வருவது உத்தமம். கிளம்புவதற்கு முன்னால் லேசாக மட்டும் சாப்பாடு கொடுங்கள். வந்ததும் ஒரு அறையில் சில நாள் அடைத்து வைத்து, பழகின பிறகு மற்ற அறைகளைத் திறந்துவிடுங்கள். ஊசி போடவோ பார்க்கவோ வேண்டுமென்றால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.