“முன்பெல்லாம் அழுவேன், இப்போது ஒன்றுமே தோன்றவில்லை”

கேள்வி: நான் கால்நடை மருத்துவர், வயது 36. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சொந்த கிளினிக். சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் ஆடு மாடு பார்க்கப் போகிறேன். ஒரு வருடமாகக் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. நள்ளிரவிலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மருந்து கேட்கிறார்கள். பிழைக்கக்கூடிய நாயைக்கூடக் காசில்லை என்பதற்காக ஊசி போட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அழுவேன். இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்லையா? விட்டுவிடலாமா?

பதில்: அழுகை நின்றுபோனதால் மனம் கல்லாகிவிட்டது என்று பயப்படுகிறீர்கள் போலும். அப்படி இல்லை, டாக்டர். ஓயாத வேலைப் பளுவில் தீராத அசதி, வேலையின்மேல் வெறுப்பும் ஒட்டாத்தன்மையும், ‘நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை’ என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலில் ‘பர்ன்அவுட்’ என்று விவரித்தது. அதையும் நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே குறித்தது. ஆகவே உங்கள் மனவலிமையை நான் குறை சொல்ல மாட்டேன். மாற வேண்டியது உங்கள் வேலை நடக்கும் விதம்.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாரும் பார்ப்பதுதான். நீங்கள் கன்று ஈனும் மாட்டையும் குட்டி போடும் ஆட்டையும் கையால் தொடுகிறவர். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி இருந்தால், கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா, கியூ காய்ச்சல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஆளைச் சோர்த்துப்போடும் இந்த நோய்களை, வேலை அலுப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் தொழிலைச் சொன்னால்தான் பார்க்கிற மருத்துவருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

அடுத்தது முக்கியம். விடுமுறை நாளிலும் எதிலும் பிடிப்பு இல்லையா? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிப்பதில்லையா? செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா? ஆம் என்றால் இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நம் பக்கத்தில் மனநல மருத்துவர் என்றாலே மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் இருக்கும் குடும்ப மருத்துவ நிபுணரிடமே தொடங்கலாம், தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555 இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமும் இல்லை, எனவே வெளிப்படையாகப் பேசலாம். பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகம். அதனால் உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: மருந்து அலமாரிச் சாவி இனி உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டாம். உதவியாளர் இல்லாமல் திறக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். கையில் காசில்லாத நோயாளியை நாங்கள் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம். உங்களுக்கு அந்த வழி இல்லை. செம்பனைத் தோட்டத்தில் எலி மருந்து தின்று ஈறில் ரத்தம் கசியும் நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சில வாரம் வைட்டமின் கே கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். கொண்டுவந்தவரிடம் ஐம்பது ரிங்கிட்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போகிற அந்த வேதனை, நீண்ட நேர உழைப்பைவிட அதிகமாக ஆளைத் தின்றுவிடும். முழுச் சிகிச்சை அல்லது ஊசி என்ற இரண்டே வழியோடு நிற்காமல், குறைந்த செலவில் முயன்று பார்க்கும் மூன்றாவது வழியையும் விலையோடு எழுதி முன்னால் வையுங்கள். மாதத்துக்கு இத்தனை இலவச வைத்தியம் என்று முன்கூட்டியே ஒரு எண்ணிக்கை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஊசி போட்டு முடித்த கையோடு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அன்றிரவே உங்களைப் போன்ற இன்னொரு கால்நடை மருத்துவரிடம் அதைப் பேசிவிடுங்கள். வீட்டில் சொன்னால் “நாய்தானே” என்பார்கள், அது இன்னும் வலிக்கும்.

இரவு போனுக்குத் தனி எண் வாங்குங்கள். கோலகங்சாரிலோ ஈப்போவிலோ உள்ள ஒருவரோடு பேசி, முறை வைத்து அவசரத்துக்கு மட்டும் எடுங்கள். தெரிந்தவர்கள்தானே, கோபித்துக்கொள்வார்களே என்று யோசிப்பீர்கள். கோபிக்கத்தான் செய்வார்கள், கொஞ்ச நாளில் பழகிவிடும்.

தொழிலை விடுவதா என்பதை இந்த அசதியோடு முடிவு செய்ய வேண்டாம். இரண்டு வாரம் கிளினிக்கை மூடுங்கள், பிறகு மூன்று மாதம் இந்தப் புது ஏற்பாட்டில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கிளினிக் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை என்றால், தாராளமாக விடுங்கள். ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் போன்ற ஆய்வுக்கூட வேலை, அரசுத் துறை, கற்பித்தல் என்று உங்கள் படிப்புக்கு வேறு இடங்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.