மைத்துனருக்குப் போகும் 1,500: கடன் எத்தனை மாதத்தில் தீரும்?

கேள்வி: கிரெடிட் கார்டில் 1,00,000 கடன் நிற்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம். கடனுக்கென்று மாதம் 5,000 ஒதுக்குகிறேன். அதில் 1,500-ஐ மைத்துனர் கேட்டு வாங்கிக்கொள்வதால் 3,500 மட்டுமே கட்டுகிறேன். வட்டி 3,000 போனால் அசலில் 500 தான் குறைகிறது. அப்படியானால் கடன் தீர 200 மாதம் ஆகுமா? 6 ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்று ஒரு திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: 200 மாதம் ஆகாது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். முதல் மாதம் 500 கழிந்தால், அடுத்த மாதம் 515 கழியும். இந்த வேகம் கூடிக்கொண்டே போவதால் வெறும் வகுத்தல் உதவாது. நீங்கள் தேடும் மாதக் கணக்கு, அதாவது ‘ம’, அடுக்கில் இருக்கிறது. கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சுருக்கினால் இப்படி வரும்:

1.03^ம = தவணை ÷ (தவணை − முதல் மாத வட்டி)

உங்கள் தவணைக்கு, 3,500 ÷ 500 = 7. இருபுறமும் லாக் (மடக்கை, அதாவது 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது) எடுத்தால் அடுக்கு கீழே இறங்கிவிடும்: ம × லாக் 1.03 = லாக் 7. அதாவது 0.8451 ÷ 0.01284, ஏறக்குறைய 66 மாதம்.

200 இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒதுக்கிய 5,000-ஐயும் கட்டிப் பாருங்கள். 5,000 ÷ 2,000 = 2.5. லாக் 2.5 என்பது 0.3979, வகுத்தால் 31 மாதம்தான். மொத்தம் கட்டுவது சுமார் 1,55,000. இப்போதைய வழியில் அது சுமார் 2,30,000. ஆக, மைத்துனர் கையில் சேரும் பணம் போக, அவரால் உங்களுக்கு வட்டியாக மட்டும் 75,000 கூடுதல் செலவு. அவர் இன்னும் 500 கூடக் கேட்டு நீங்களும் கொடுத்தால் தவணை 3,000 ஆகிவிடும். அப்போது வகுக்கும் எண் பூஜ்ஜியம், சமன்பாட்டுக்கு விடையே இல்லை. கடன் ஒருநாளும் தீராது. அந்த எல்லைக்கு 500 தூரத்தில்தான் இப்போது நிற்கிறீர்கள்.

திட்டத்துக்கு வருவோம். இதுபோன்ற இரட்டிப்புப் பேச்சை நான் எளிதில் நம்புவதில்லை. சொன்னபடியே நடந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 12.25 சதவீதம்தான். உங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் எப்போது இரட்டிக்கும்? 1.03^ம = 2; லாக் 2 ÷ லாக் 1.03, அதாவது 23.4 மாதம். இரண்டு ஆண்டில் இரட்டிக்கும் கடனை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டில் இரட்டிக்கும் முதலீட்டில் எதற்குச் சேர வேண்டும்? இப்போது வேண்டாம்.

மைத்துனரிடம் இந்த மாதமே பேசுங்கள். முழுவதும் நிறுத்த மனம் வரவில்லையா? சரி, 500 மட்டும் கொடுத்துவிட்டு 4,500 கட்டுங்கள். 4,500 ÷ 1,500 = 3; 38-ஆவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.