தேடலில் கட்டாயமும் விருப்பமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் நூலகப் பட்டியலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் 'சமையல்', 'சித்த மருத்துவம்' ஆகிய இரண்டையும் ஷுட் (should) எனும் விருப்ப நிபந்தனைப் பகுதியில் கொடுத்திருந்தேன், சரியாகவே வேலை செய்தது. மொழி தமிழ் என்று ஃபில்டர் (filter) எனும் வடிகட்டும் பகுதியில் ஒரு வரி சேர்த்ததும் கணக்குப் புத்தகம் வரை எல்லாத் தமிழ் நூல்களும் வந்து நிற்கின்றன. ஏன்?

பதில்: இது பிழையன்று, விதியே அப்படித்தான். பல நிபந்தனைகளை இணைக்கும் பூல் (bool) வினவல் ஒன்றில், கட்டாய நிபந்தனைப் பகுதியான மஸ்ட்டும் (must) ஃபில்டரும் இல்லாமல் ஷுட் இருந்தால், ஷுட் நிபந்தனைகளுள் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும். ஆனால் மஸ்ட்டோ ஃபில்டரோ உள்ளே நுழைந்த கணமே அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை 1-இலிருந்து 0-க்கு இறங்கிவிடும். அதன்பின் ஷுட் எந்த நூலையும் விலக்காது; பொருந்தும் நூலுக்கு, முடிவுகளை வரிசைப்படுத்த உதவும் மதிப்பெண்ணைக் கூட்டி மேலே ஏற்றுவதோடு சரி. முதல் பக்கத்தைப் பாருங்கள், சமையல், மருத்துவ நூல்கள் முன்னாலும் கணக்குப் புத்தகங்கள் பின்னாலும் இருக்கும்.

ஷுட் நிபந்தனைகளுள் குறைந்தது எத்தனை பொருந்த வேண்டும் என்பதைக் குறிக்கும் மினிமம் ஷுட் மேட்ச் என்ற அளவுருவுக்கு 1 என்று வெளிப்படையாக எழுதினாலே சிக்கல் தீரும். ஆயினும் அந்த இரண்டு நிபந்தனைகளையும் தனியொரு பூல் வினவலாக்கி, அதை மஸ்ட்டுக்குள் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். நாளை 'இந்தப் பதிப்பகம் அல்லது அந்தப் பதிப்பகம்' என்ற தொகுதியும் சேரக்கூடும். இரு தொகுதிகளும் ஒரே ஷுட் பட்டியலில் கலந்தால், பதிப்பகம் மட்டும் பொருந்திய கணக்குப் புத்தகம் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: கட்டாய நிபந்தனையை மஸ்ட்டில் வைப்பதா, ஃபில்டரில் வைப்பதா?

பதில்: மொழி, ஆண்டு போல ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடுபவை ஃபில்டருக்கு உரியவை, அங்கே மதிப்பெண் கணக்கிடும் வேலை மிச்சம், அடிக்கடி வரும் ஃபில்டரின் விடையைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளவும் முடியும். பயனர் தட்டச்சு செய்த சொற்கள் மஸ்ட்டுக்கு உரியவை. எல்லாவற்றையும் ஃபில்டரில் போட்டுவிட்டால் எல்லா முடிவுகளுக்கும் மதிப்பெண் 0 ஆகி, தரவரிசையே இல்லாமல் போகும்.

கேள்வி: மினிமம் ஷுட் மேட்ச்சில் 75% என்பதும் -25% என்பதும் ஒன்றுதானே?

பதில்: சரியாக நான்கு நிபந்தனைகள் இருக்கும்போது ஒன்றுதான், இரண்டிலும் விடை 3. ஐந்தாகும்போது வேறுபடும். 75% என்பது 3.75; அது கீழ்நோக்கி முழுமையாக்கப்பட்டு 3 ஆகிறது. -25% என்பதோ எத்தனை தவறலாம் என்ற கணக்கு, 1.25 என்பது 1 ஆகக் குறைவதால் 4 பொருந்தியாக வேண்டும். நீளமான தேடலில் கண்டிப்பு வேண்டுமெனில் எதிர்மறை விழுக்காட்டையே எடுங்கள்.

கேள்வி: தேடல் பெட்டியில் 'இட்லி ஆர் தோசை அண்ட் சட்னி' என்ற அமைப்பில் ஆர் (OR, அல்லது), அண்ட் (AND, மற்றும்) என்ற ஆங்கிலக் குறிச்சொற்களை இட்டுத் தேடினால், இட்லி மட்டும் உள்ள நூல் கிடைப்பதில்லையே?

பதில்: எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடித்தளமான லூசீன் என்ற தேடல் மென்பொருளில், தட்டச்சு செய்ததைப் பிரித்துப் பொருள்கொள்ளும் வழக்கமான வினவல் பகுப்பி இவற்றைப் பள்ளிக் கணிதத்தின் முன்னுரிமைப்படி படிப்பதில்லை, ஒவ்வொரு சொல்லும் கட்டாயமா, விருப்பமா, விலக்கா என்று மட்டுமே குறித்துக்கொள்கிறது. இங்கே அண்ட் குறியின் இரு பக்கமும் உள்ள தோசையும் சட்னியும் கட்டாயமாகி, இட்லி விருப்பமாகிவிடுகிறது. தோசையையும் சட்னியையும் அடைப்புக்குறிக்குள் இட்டால் நீங்கள் நினைத்த பொருள் கிடைக்கும்.