மாத்தளைப் பக்கத்துக் கல்கோயில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாலந்தா என்ற கிராமத்தில் பழைய இந்துக் கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது, அவ்வளவாக யாரும் போவதில்லை என்று எங்கள் தோட்டத்து வாத்தியார் சொன்னார். அது சிவன் கோயிலா? பிள்ளைகளோடு காலையில் போய் மாலைக்குள் திரும்ப முடியுமா?
(வாசகி, உக்குவளை)

பதில்: வாத்தியார் சொன்னதில் பாதி சரி, அக்கா. கோயில் இருக்கிறது, ஆனால் இடிந்து கிடக்கவில்லை. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். முன்பு வயலுக்கு நடுவே நின்றது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அப்படியே விட்டால் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் 1970களின் பிற்பகுதியில் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து பழையபடி அடுக்கிவிட்டார்கள். இப்போது மூன்று பக்கமும் தண்ணீர் தெரிய நிற்கிறது. அந்த அழகுக்காகவே போகலாம்.

சிவன் கோயிலா என்றால், வெளியே நின்று பார்த்தால் சந்தேகமே வராது. முன்மண்டபம், அப்புறம் ஒடுக்கமான இடைகழி, அதற்கப்பால் கருவறை, மேலே விமானம், விமானத்தில் குதிரை லாடம் மாதிரிக் கூடுகள். மாமல்லபுரத்தைக் காலண்டரில் பார்த்தவர்கள்கூட ‘அட, இது அதுதானே’ என்பார்கள், அவ்வளவுக்குப் பல்லவர் பாணி. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்பது பொதுவான கணிப்பு. ஆனால் உள்ளே லிங்கத்தைத் தேடாதீர்கள், இருப்பது புத்தர் சிலை. பக்கத்திலேயே சின்னதாக ஒரு தூபியும் உண்டு. கட்டிய கை தென்னிந்தியக் கை, கும்பிட்டவர்கள் பௌத்தர்கள் என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நம்மில் சிலர் அங்கே போய் ‘இது எங்களுடையது’ என்று சத்தமாகச் சொல்ல, இன்னும் சிலர் ‘ஒரு சம்பந்தமும் இல்லை’ என்று பதில் சொல்ல, கல்லை யாருமே பார்க்காமல் திரும்புகிற கூத்தை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, முதல் தடவை போனபோது பக்தி முற்றி, பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் கொண்டுபோனேன். பற்றவைக்கக் குனிந்ததுதான் தாமதம், காவலுக்கு நின்ற பெரியவர் ‘மாத்தயா, எப்பா எப்பா’ (ஐயா, வேண்டாம் வேண்டாம்) என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் சொன்னதுதான் நியாயம். ஆயிரம் வருடக் கல்லில் எண்ணெயும் புகையும் ஏறினால் பிறகு போகாது. ஆகவே கற்பூரம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும், கைகூப்பினால் போதும். செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுப் போங்கள். சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வழி சுலபம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறி நாலந்தாவில் இறக்கச் சொல்லுங்கள், மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே உள்ளே கொஞ்ச தூரம் நடை. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் கல் கொதிக்கும், வெறுங்காலோடு பிள்ளைகள் குதிப்பார்கள். சோற்றுப் பார்சல் கட்டிப்போனால் மாலைக்குள் தாராளமாக வீடு திரும்பலாம்.

கேள்வி: கம்பளைப் பக்கத்துப் பழைய விகாரையைத் தமிழ்ச் சிற்பி கட்டினார் என்கிறார்களே, கதையா?
(வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: கதை இல்லை தம்பி, ஆனால் ‘தமிழ்’ என்பதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அது கடலாதெனிய விகாரை. 1344இல் எழும்பியது, கட்டியவர் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்கே பாறையில் வெட்டிய கல்வெட்டே சொல்கிறது. தென்னிந்தியர் என்பது வரை நிச்சயம். போகிற கையோடு லங்காதிலக விகாரையையும் பார்த்துவிடுங்கள், அங்கே பாறையில் தமிழிலும் எழுத்து இருக்கிறது.

கேள்வி: எங்கள் மலையில் கானு (வடிகால்) வெட்டும்போது பூ வேலை செய்த கல் ஒன்று வந்தது. மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிடலாமா?
(வாசகர், மடுல்சீமை)

பதில்: வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பழம்பொருள் கிடைத்தால் அறிவிக்க வேண்டும், சேதப்படுத்தினால் குற்றம். வெட்டுவதை அங்கேயே நிறுத்தி, கல்லை அசைக்காமல், கிடந்த இடத்தோடு சேர்த்துப் போனில் ஒரு படம் எடுங்கள், கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பெயின்ட் அடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் மறித்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஒருவர் கிளம்புவார்.