பதினொரு மெத்தடும் ஒரு சலானும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு லாட்டின் (ஒன்றாகச் சாயமேற்றும் துணித் தொகுதி) செலவைப் போட 11 மெத்தடுகள் (ஆளுக்கொரு வேலை செய்யும் புரோகிராம் துண்டுகள்). கலர், ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), கிலோ, சாயக்கூலி, ஆர்டர் நம்பர் ஐந்தையும் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கடத்துகிறது. போன வாரம் டயா (குழாய்த் துணியின் விட்டம்) என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள். 11-ஐயும் திருத்தினேன். “எல்லாத்தையும் ஸ்டாட்டிக் ஆக்கிடு” என்கிறார் சீனியர். செய்யலாமா?

பதில்: வேண்டாமுங்க தம்பி. ஸ்டாட்டிக் என்றால் புரோகிராம் முழுக்க ஒரே பிரதி; அதாவது கம்பெனிக்கே ஒரு சலான் (சரக்கோடு போகும் விவரச் சீட்டு). லாட்டுக்கு லாட் அழித்து எழுத வேண்டும். புரோகிராம் எல்லோருக்கும் ஒரே சர்வரில் ஓடுகிறதென்றால், கறுப்பு லாட்டுக்குக் கணக்கு ஓடும்போதே பக்கத்து சீட்டில் ஒருவர் வெள்ளை லாட்டைத் திறந்தால், கறுப்புத் துணிக்கு வெள்ளைக் கூலி விழும்.

நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிப் போகிற டிரைவர் கலரையும் கிலோவையும் வாயால் ஒப்பிப்பதில்லை, சலானை நீட்டுகிறார். உங்கள் புரோகிராமில் அந்தச் சலான்தான் இல்லை. ‘லாட்’ என்று ஒரு கிளாஸ் (விவரங்களையும் மெத்தடுகளையும் சேர்த்து வைக்கும் அச்சு) எழுதி, விவரங்களைக் கன்ஸ்ட்ரக்டரில் (புது லாட்டை உருவாக்கும் பகுதி) ஒரே தடவை கொடுத்துவிடுங்கள். சாயச்செலவு, கட்டிங்செலவு எல்லாம் அதற்குள்ளேயே மெத்தடுகளாக இருந்தால், விவரங்களைக் கடத்தும் அடைப்புக்குறி காலியாகிவிடும். நாளைக்கு இன்னொரு விவரம் வந்தாலும் கன்ஸ்ட்ரக்டரையும் லாட்டை உருவாக்கும் இடத்தையும் அதைக் கேட்கும் மெத்தடையும் தொட்டால் போதும். 180 ஜி.எஸ்.எம்.மும் 95 ரூபாய்க் கூலியும் இடம் மாறிப் போனால் கம்பைலர் (எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்ப்பது) வாய் திறக்காது, இரண்டும் எண்தானே! அந்த ஆபத்தும் 11 இடத்திலிருந்து ஒரே இடத்துக்குச் சுருங்கும்.

எவை சேர்ந்தே இருக்க வேண்டியவை? மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர் 1999-லேயே ஒரு சோதனை சொன்னார்: ஒன்றை எடுத்துப் பாருங்கள், மற்றவை அர்த்தமிழந்தால் அவை ஒரே ஆப்ஜெக்ட் (கிளாஸிலிருந்து உருவாகும் ஒரு பொருள்). கலரை எடுத்துவிட்டால் அந்தக் கூலி எந்தச் சாயத்துக்கு என்றே தெரியாதே.

அதற்காகக் கண்டதையெல்லாம் ஃபீல்டில் (ஆப்ஜெக்ட் தன்னுள் விவரத்தை வைத்திருக்கும் இடம்) திணிக்காதீர்கள். நான் ஒருமுறை கட்டிங் வேஸ்டேஜைப் பாதிக் கணக்கில் ஃபீல்டில் போட்டு வைத்தேன். அதை நிரப்பும் மெத்தடுக்கு முன்பே பில் மெத்தடை யாரோ கூப்பிட, வேஸ்டேஜ் 0 என்று பில் வந்தது. காரணம் பிடிபட ஒரு ராத்திரி போயிற்று. நடுவில் பிறக்கும் மதிப்பு ரிட்டர்னாகவே (மெத்தட் திருப்பித் தரும் விடையாகவே) வரட்டும். கிலோ மட்டும் கேட்கும் வெளி மெத்தடுக்கு கிலோவை மட்டும் கொடுங்கள். அதற்கு எதற்கு முழுச் சலான்?

11-ஐயும் ஒரே நாளில் கலைக்க வேண்டாம். முதலில், டயாவோடு சேர்த்துக் கடத்தும் ஆறு விவரங்களுக்குப் (பாராமீட்டர்) பதில் லாட்டை மட்டும் அனுப்புங்கள். அது ஓடியபின், சாயச்செலவிலிருந்து ஒவ்வொன்றாக லாட்டுக்குள் நகர்த்துங்கள்.